நகராத லாரியை ஓட்டுவது எப்படி

வலது கை கட்டைவிரலை மெல்லத் திருப்பிப் பார்த்த எலும்பு மருத்துவர், "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"பாத்தேன் டாக்டர். இப்ப ரிட்டயர்டு."

"என்ன வேலையில இருந்தீங்க?"

"விளையாட்டு."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். இந்த வயிற்றைச் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டு எதுவும் அவருடைய பாடத்திட்டத்தில் இருந்திருக்காது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "கேரமா?" என்று கேட்டார்.

இல்லை. நான் வீடியோ கேம் வடிவமைப்பாளனாக இருந்தவன். கைபேசியில் நீங்கள் லாரி ஓட்டுவீர்கள், படகு ஓட்டுவீர்கள். வழியில் எது வர வேண்டும், எப்போது வர வேண்டும், வந்து உங்களை எவ்வளவு எரிச்சலூட்ட வேண்டும் என்று உட்கார்ந்து தீர்மானிக்கிற ஆள் நான். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இதை ஒரு வேலை என்று எவரும் ஒப்புக்கொண்டதில்லை. எதிர்வீட்டு மைக்கேல் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நான் ஜன்னலோரம் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா நைனா, இன்னிக்கும் லீவா?" என்பார். "வேல செய்யறேண்ணே" என்றால், "செய்யி, செய்யி. கை நோவப் போவுது" என்பார். கடைசியில் கைதான் நோகிறது. அந்த மனிதரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

ஐம்பது தாண்டியதும் முதலில் கட்டைவிரல் ஓய்வு பெற்றது. அதன் பரிந்துரையின் பேரில் நானும் பெற்றேன். நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்த என்னை எழுத வைத்தது பழைய ஆபீஸ் வாட்ஸாப் குழு. இப்போது அங்கே தலையில் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி வந்துவிட்டதாம். அதை மாட்டிக்கொண்டால் மீன்பிடித் துறைமுகத்தின் நடுவில் நிற்பது போலவே இருக்குமாம், மீன் நாற்றம் ஒன்றுதான் பாக்கியாம். ஆபீஸ் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. எல்லாமே நிஜம் போல இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. நிஜம் போல இருந்தால் நிஜத்துக்கே போய்விடலாமே, நம்மிடம் எதற்கு வருகிறார்கள் என்று இன்னொரு கட்சி. "சார், நீங்க சொல்லுங்க" என்று என்னைக் கோத்துவிட்டார்கள். தீர்ப்புச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. இரண்டு கட்சியிலும் இருந்து தோற்றிருக்கிறேன்.

முதல் கட்சியின் கொள்கைக்குத் தொழிலில் இம்மெர்ஷன் என்று பெயர். எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு வாளியில் தொங்கும் வெந்நீர்க் கம்பி என்று பொருள். ஆபீஸில், ஆடுகிறவர் தான் ஆடிக்கொண்டிருப்பதையே மறந்து அந்த உலகத்துக்குள் முங்கிக் கிடப்பது. இரண்டாவது கட்சியின் கொள்கை ஜாலி. அதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியே இருப்பவர்கள் இரண்டும் சேர்ந்தே வரும் என்று நினைப்பார்கள். உண்மையில் அவை ஒரே மின்மீட்டரில் இருக்கும் இரண்டு குடித்தனங்கள். ஒரு வீட்டில் ஃபேன் போட்டால் அடுத்த வீட்டில் முணுமுணுப்பு கேட்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை சுருக்கமானது. ஆங்கில இலக்கியம் படித்தேன். ஆகவே பாரிமுனையில், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் தட்டச்சு செய்தேன். பிறகு பட்டன் போன்களுக்கு விளையாட்டு செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஒரு பந்து, ஒரு தவளை, ஒரு கார். அந்தக் காலத்தில் இம்மெர்ஷன் பிரச்சினையே கிடையாது. நாலு கறுப்புக் கட்டத்தைக் காட்டி இது கார் என்றால் ஜனங்கள் பெருந்தன்மையாக நம்பினார்கள். திரை பெரிதாகப் பெரிதாக அந்தப் பெருந்தன்மை சிறிதாகிக்கொண்டே போயிற்று.

அதற்குள் நான் கிரேஸ் மேடத்திடம் வந்து சேர்ந்திருந்தேன்.

மேடத்தின் கம்பெனி திருவொற்றியூரில் இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே லாரி பேட்டரிக் கடை. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கடல், இந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. இரண்டையும் பிரித்தறிவது சுலபம். கடல் அசையும்.

மேடம் ராயபுரம். அப்பா ரயில்வே. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு ஆபீஸுக்கு வந்துவிடுவார். ஆங்கிலத்தில் கோபப்பட்டால் பயப்படத் தேவையில்லை. ராயபுரத்துத் தமிழுக்கு இறங்கிவிட்டால் எழுந்து நின்றுகொள்வது நல்லது. நாம் செய்ததை அவர் ஒருநாளும் மோசம் என்று சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். "நல்லாருக்கு குமரேசா. யாருக்கு?" என்பார். இந்த "யாருக்கு?" என்ற கேள்விக்கு இருபது வயதில் நான் படித்த இலக்கியத்திலும் பதில் இல்லை, நாற்பது வயது அனுபவத்திலும் இல்லை.

அவரிடம் ஒரு முறை உண்டு. வெளியாளைக் கூட்டி வந்து கையில் போனைக் கொடுத்து விளையாடச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று பார்ப்போம். எல்லாக் கம்பெனியிலும் செய்வதுதான். எங்கள் கம்பெனியில் மட்டும், அந்த ஆள் உட்காருவதற்கு முன்னால், விளையாட்டை வடிவமைத்தவன் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வாங்கிக்கொள்ள வேண்டும். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. ஆடுகிறவர் போனைக் கீழே வைக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும்.

முதல் நாள் நான் ஏன் என்று கேட்டேன்.

"நீ வாய வெச்சிக்கினு சும்மா இருக்கமாட்ட. இங்க அமுக்கு, அங்க திரும்புன்னு சொல்லிக் குடுப்ப. வெளிய வித்தப்புறம் ஒவ்வொருத்தன் போனுக்குள்ளயும் போயி குந்திக்கினு சொல்லுவியா?"

தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதன் எவ்வளவு கற்றுக்கொள்கிறான் என்பது வியப்பான விஷயம். நான் மூன்று மாதம் செதுக்கிய கலங்கரை விளக்கத்தை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோவார். நான் அரைமணியில் ஒப்பேற்றிய நாய்க்குட்டியிடம் நின்று கொஞ்சுவார். தொண்டைவரை வார்த்தை வரும். கூடவே தண்ணீரும் மூக்குக்கு வரும்.

அந்த முறையின் முதல் பலி என் படகு விளையாட்டு. காசிமேட்டுப் படகு ஒன்றைச் செய்தேன். அலை தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம். எங்கள் புரோகிராமர் ரஃபி பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். கணக்கில் புலி. நான் கேட்ட ஆட்டத்தையெல்லாம் திரையில் ஆட்டிக்காட்டினான். இருபது வருடம் கடலுக்குப் போன ஒரு மீனவரை அழைத்து வந்து உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். முகம் வெளிறியது. எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். கீழே பேட்டரிக் கடைக்காரர் கத்தும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "கடல்ல எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல சார். உங்க ஆபீஸ்ல வந்துடுச்சி" என்றார்.

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவு நிஜம்! மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

இப்படிப்பட்ட மனிதனிடம்தான் அடுத்து லாரி விளையாட்டு வந்தது.

மணலியில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு எண்ணூர் சாலை வழியாகத் துறைமுக கேட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். பெங்களூரில் இருக்கும் ஒரு வெளியீட்டு நிறுவனம் எங்களுக்குக் கொடுத்திருந்த வேலை அது. அப்போது எங்கள் கையில் வேறு வேலை இல்லை. இது நின்றால் கம்பெனியும் நிற்கும், நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை மேடம் எங்களிடம் மறைக்கவில்லை. ரஃபிக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. "மாப்பிள்ள இன்னா பண்றாருன்னு கேட்டா கேம் பண்றாருன்னு சொல்றதே பேஜாரு. அதுவும் இல்லன்னா பொண்ணு வூட்ல செருப்பாலயே அடிப்பாங்கண்ணே" என்று என்னிடம் சொன்னான்.

முதல் கேள்வி, அந்த வரிசையை என்ன செய்வது? ஜன்னலுக்கு வெளியே அது நின்றுகொண்டிருக்கிறது. எண்ணூர் சாலையைக் காட்டிவிட்டு அதைக் காட்டாமல் இருக்க முடியுமா? முடியும், விட்டுவிடு என்றார் மேடம். சரி என்று முதலில் வரிசை இல்லாமல் செய்தோம்.

ஆடிப்பார்க்க ஆள் தேடும் சிரமம் எங்களுக்கு இல்லை. கீழே இறங்கினால் போதும், லாரிகள் எங்கேயும் போகாது. வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு மேலே வர டிரைவர்கள் தயாராக இருந்தார்கள். எங்கள் ஆபீஸில் ஏசி இருந்தது, சமோசா இருந்தது. எதைக் காட்டினாலும் "சூப்பர் சார்" என்பார்கள். மோசம் என்று சொன்னால் கீழே அனுப்பிவிடுவோமோ என்ற நியாயமான பயம். ஆகவே அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் செய்வதை மட்டும் பார்க்க வேண்டும்.

சேகர் என்ற டிரைவர் முதலில் உட்கார்ந்தார். என் வாயில் தண்ணீர். காலியான எண்ணூர் சாலையில் சேகர் கண்டெய்னரை விமானம் போல ஓட்டினார். "சூப்பர் சார்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் நிறுத்தியே விட்டார்.

"இன்னா சார், ரோடு மொட்டையா கீது. யாருனா பெரிய தலைவர் பூட்டாரா?"

யாரோ தலைவர் போய்ச் சேர்ந்திருக்கிறார், இனி மேலே போனால் கல் விழும் என்று சேகருக்குப் பட்டிருக்கிறது. விளையாட்டில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, ஜன்னல் வழியாகக் கீழே நிஜ வண்டி பத்திரமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். போனைக் கீழே வைத்தார்.

நான் தண்ணீரை விழுங்கிவிட்டு வெற்றி முழக்கம் செய்தேன். "பாத்தீங்களா மேடம்? நிஜம் இல்லன்னா நம்ப மாட்டாங்க. வரிசை வேணும்." மேடம் சரி என்றார். இன்றுவரை எனக்குச் சந்தேகம், வேண்டுமென்றேதான் சரி என்றாரோ என்று.

அடுத்த சில வாரங்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு வரிசையைப் படித்தேன். அது எப்படி அசைகிறது, முன் வண்டி நகர்ந்த செய்தி பின் வண்டிக்கு எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறது, கண்டெய்னர் மேல் காக்கை எங்கே உட்காருகிறது, டிரைவர்கள் எப்போது இறங்கி முகம் கழுவுகிறார்கள், எல்லாவற்றையும் விளையாட்டுக்குள் கொண்டுவந்தேன். அனல்மின் நிலையத்துப் புகைகூடக் காற்று மாறினால் திசை மாறும். ஆடுகிறவர் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே. அதில் ஒரு தத்துவ ஆழம் இருப்பதாக நான் ரஃபியிடம் விளக்கினேன். அவன், "ஆழம் கீதுண்ணே. ஏறி வர்றதுக்குத்தான் வழி இல்ல" என்றான்.

இந்த முறை அந்தோணி என்ற டிரைவர் வந்தார். எர்ணாவூர்க்காரர், பெரிய மீசை. விளையாட்டு லாரியைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார். திரையைப் பார்த்தார். காக்கையைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். "அப்படியே கீது சார்" என்றார். என் கண்ணில் நீர் வராத குறை, வாயில்தான் ஏற்கெனவே இருந்ததே. அப்புறம் அவர் போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார், சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார், செருப்பை உதறினார், நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"முன்னாடி வண்டி நவுந்தா எழுப்பு சார்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

இம்மெர்ஷன் இதற்குமேல் ஆழமாகப் போக முடியாது. தன் லாரியில் என்ன செய்வாரோ அதை அச்சு பிசகாமல் என் விளையாட்டிலும் செய்தார். குறட்டைகூட நிஜம். போனைக் கீழே வைத்ததாகக் கணக்கா இல்லையா என்று தெரியாமல் நான் வாயில் தண்ணீருடன் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் மேடம்தான் வந்து, "துப்பிட்டு வா" என்றார். அன்றைக்கு அவருக்குக் கழற்றுவதற்குக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

அந்தப் பதிப்பு பெங்களூருக்கும் போயிருந்தது. அங்கே எங்கள் வேலையைக் கவனித்துக்கொண்டவர் வினோத். சொந்த ஊர் கோயம்புத்தூர். தியானம் செய்பவர். குரலை உயர்த்தியே நாங்கள் கேட்டதில்லை. கெட்ட செய்தியைக்கூடத் தலைவாழை இலையில் பரிமாறுவார். வீடியோ அழைப்பில் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். வரிசையில நிக்கறதுக்கு யாருங்க காசு குடுத்து விளையாடுவாங்க? நானே நேர்ல வர்றனுங்க. உக்காந்து ஆடிப் பாக்கறேன். அந்த வரிசையில நான் போனைக் கீழ வெச்சுட்டன்னா, அதோட நிறுத்திக்கலாமுங்க. எல்லாத்துக்கும் நல்லதுங்க."

எல்லாத்துக்கும் நல்லது என்பதில் ரஃபியின் கல்யாணம் அடங்காது.

வரிசையை எடுத்தால் நம்பிக்கை போகிறது, வைத்தால் தூக்கம் வருகிறது. மேடம் என்னைக் கூப்பிட்டார். "வரிசைல நிக்கறப்போ டிரைவருக்கு எதுனா பயம் இருக்குமில்ல? இன்னா பயம்?" நான் ஜன்னலோரப் படிப்பை மனதில் புரட்டிப் பார்த்தேன். "முன்னாடி சந்து விட்டா எவனாவது பூந்துடுவான்." ஆமாம், ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி, பைக், எல்லாம் அந்தச் சந்தில் நுழையும், எங்கள் பாஷையில் பூரும். ஒட்டியே போக வேண்டும், ஆனால் முன் வண்டியில் இடிக்கவும் கூடாது. இடித்தால் அந்த டிரைவர் இறங்கி வருவார், அவர் பேசி முடிக்க அரை நாள் ஆகும்.

சரி, எப்போதாவது ஒரு ஆட்டோ பூரட்டும் என்று ரஃபியிடம் சொன்னேன். நிஜத்தில் எவ்வளவு பூருகிறதோ அவ்வளவு மட்டும். அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று கறாராகச் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்கென்றே ஒரு பிழை உண்டு. எப்போதாவது நடக்கும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டுமென்றால், அது நடக்கும்வரை புரோகிராமர் காத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அப்போதைக்கு அது ஓயாமல் நடக்கும்படி, எத்தனை தடவை என்று குறிக்கும் எண்ணை ஏற்றி வைத்துக்கொள்வார். பார்த்து முடித்ததும் பழையபடி இறக்கிவிட வேண்டும். ரஃபி ஏற்றினான், பார்த்தான், பெண் வீட்டிலிருந்து போன் வந்தது, பேசினான், இறக்க மறந்தான்.

மறுநாள் அதே பதிப்பை சேகருக்கும் அந்தோணிக்கும் கொடுத்தோம். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஆளுக்கொரு போன். அந்தோணி போன தடவை போலவே செருப்பை உதறினார். பட்டனில் கை வைத்தார். அதற்குள் அவர் லாரிக்கு முன்னால் இருந்த ஒரு முழச் சந்தில் ஆட்டோ ஒன்று மூக்கை நுழைத்தது.

"ஏய், எங்க பூர்ற?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் அதன் பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. சென்னையில் பதிவான ஆட்டோக்கள் அத்தனையும் அந்தோணியின் முன்னால் வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

"டேய் கஸ்மாலம்! உங்கப்பன் வூட்டு ரோடா? சேகரு, பார்றா, நாலு பேரு பூந்துட்டானுங்க!"

"நீ இன்னாத்துக்கு சந்து வுட்ட? ஒட்டிப் போ மாமு, ஒட்டிப் போ! என்ன பாரு, ஒருத்தன வுடல."

"ஒட்டினா இடிக்குதுடா!"

"இடிக்காத ஒட்டு! லைசென்ஸ் எங்க வாங்கின, சந்தையிலயா?"

வாயில் தண்ணீரோடு நான் ரஃபியைப் பார்த்து முறைத்தேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, எண்ணை இறக்க மறந்ததைச் சைகையில் சொன்னான். என் உலகமே பொய்யாகிக்கொண்டிருந்தது. எந்த ஊரில் இவ்வளவு ஆட்டோ? நான் வாரக்கணக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனே! பொறுக்க முடியாமல் தண்ணீரை விழுங்கிவிட்டுப் பேசிவிட்டேன்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க, இது தப்பா வந்துடுச்சு. நிஜத்துல இவ்ளோ ஆட்டோ கெடையாது."

அந்தோணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரு சொன்னது? நேத்து இத்தவிட ஜாஸ்தி சார். நீ கம்னு இரு."

நேற்று அவருக்கு முன்னால் பூந்தது ஒரே ஒரு ஆட்டோ. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆனால் அந்த ஒன்றை அவர் எத்தனை தடவை மனதுக்குள் திட்டினாரோ அத்தனையும் அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. நான் ஆட்டோக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் ஆத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நிஜம் என்று நான் கட்டிக்காத்த காக்கையையும் புகையையும் இருவரில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் இருவருக்கும் அது எண்ணூர் சாலைதான் என்பதில் துளி சந்தேகம் இல்லை. கீழே நிஜ வரிசை நகர்ந்து, கிளீனர்கள் ஹாரன் அடித்து, மாடிப்படி ஏறி வந்து இழுத்துப் போகும்வரை போனை வைக்கவில்லை. சமோசா ஆறிப்போயிருந்தது.

ரஃபி மெதுவாக, "எண்ண எறக்கிடட்டா மேடம்?" என்றான்.

"கை வெச்ச, கைய ஒட்ச்சிடுவேன்" என்றார் மேடம்.

வினோத் வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. விமான நிலையத்திலிருந்து கார். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்று பார்த்தால் வரவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கண்டெய்னர் வரிசை சாலையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கார், நாலு பக்கமும் சுவர் எழுப்பியது போல. அதன் முன்னால் ஆட்டோக்கள் ஒவ்வொன்றாகப் பூந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டுதான், நிஜக் கணக்கு.

மாலை சாய ஆரம்பித்ததும் வந்து சேர்ந்தார். தியானம் முழுவதும் வியர்வையில் கரைந்திருந்தது. மேடம் கொடுத்த மோரைக் குடித்தார்.

"இன்னைக்கு வரிசைன்னு மட்டும் எங்கிட்ட யாரும் பேசிராதீங்க" என்றார்.

ரஃபி என்னைப் பார்த்தான். நான் மேடத்தை அறைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனேன். "மேடம், மணலியில லோடு ஏத்துற கட்டத்த காட்டுவோம். வரிசைய இன்னிக்கு வேணாம். கொலகாரனாகி வந்திருக்கார்."

"வரிசையத்தான் குடுக்கணும்."

"வேல பூடும் மேடம்."

"அந்த மனுசன் இத்தினி நேரம் கார் உள்ள கைய கட்டிக்கினு குந்தினு இருந்தார். ஒண்ணியும் பண்ண முடில. அந்தக் கைக்கு எதுனா வேல குடு. போ, தண்ணி எட்துக்கோ."

அவ்வளவு பெரிய சூதாட்டத்தில் நான் இறங்கியதே இல்லை, அதுவும் அடுத்தவன் கல்யாணத்தை வைத்து. வாய் நிறையத் தண்ணீருடன் பின்னால் போய் நின்றேன்.

வினோத் போனை வாங்கினார். திரையில் எண்ணூர் சாலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இதேதானுங்களா?" என்று மேடத்தைப் பார்த்தார். மேடம் புன்னகைத்தார். வினோத் போனை மேசையை நோக்கி இறக்க ஆரம்பித்தார். ரஃபி கண்ணை மூடிக்கொண்டான். போன் மேசைக்கு ஒரு சாண் மேலே இருந்தபோது ஆட்டோ மூக்கை நுழைத்தது.

"ஏனுங்க!"

போன் பழையபடி முகத்துக்கு நேரே ஏறியது.

"ஏனுங்க, முன்னாடி வண்டி நிக்கறது தெரியலீங்களா உங்களுக்கு?" என்றார் ஆட்டோவிடம். இரண்டாவது ஆட்டோ வந்தது. "கொஞ்சம் பொறுங்க, எல்லாத்துக்கும்தான அவசரம்." மூன்றாவது. "ஏப்பா, சொல்லீட்டே இருக்கறேன்." ஹாரனை அமுக்கினார். லாரியை ஒட்டிக்கொண்டு போனார். நாலாவதைப் பூரவிடவில்லை. ஐந்தாவதை வேண்டுமென்றே பாதி நுழையவிட்டு மடக்கினார். "வாடா, வா! எங்க போற? மத்தியானத்துல இருந்து உன்னத்தான் தேடீட்டு இருக்கறேன்!" கழுத்துப் பட்டை நனைந்திருந்தது. எழுந்து நின்றே ஆடினார். கேட் கண்ணுக்குத் தெரிந்தபோது அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல் எனக்குப் புதிது. கோவைப் பக்கத்தில் புழங்குவது போலிருக்கிறது, அர்த்தம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னலுக்கு ஓடினேன். கீழே பேட்டரிக் கடைக்காரர் மறுபடியும் நனைந்தார்.

திரும்பி வந்தபோது லாரி கேட்டுக்குள் போயிருந்தது. வினோத் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மரியாதை மெல்ல அவரிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நல்லா இருக்குதுங்க மேடம். வரிசை இருக்கட்டுமுங்க. வேலைய நிறுத்த வேண்டியதில்லீங்க." ரஃபி சுவரில் சாய்ந்தான். "ஆனா ரொம்ப நீளமுங்க. பாதியாக் கொறச்சு அனுப்புங்க. அதப் பாத்துட்டுத்தான் ஒப்புதல் கையெழுத்துங்க."

அவர் கிளம்பியதும் நான் வரிசையை வெட்ட உட்கார்ந்தேன். பாதி லாரிகளைத் தூக்கினேன். சேகரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஆட்டோ மேல் நல்ல கோபம் பிடிக்கிற நேரத்தில் கேட் வந்துவிட்டது. "அதுக்குள்ளயா?" என்றார் முகம் வாடி. சமோசாவைச் சாப்பிட ஆரம்பித்தார். சமோசாவைக் கவனிக்க நேரம் இருக்கிறது என்றால் அந்த விளையாட்டு செத்துவிட்டது என்று அர்த்தம். வெட்டினால் விளையாட்டு போகிறது, வெட்டாவிட்டால் கையெழுத்து போகிறது. மேடத்திடம் போய் நின்றேன்.

"குமரேசா, அவரு லாரிய எண்ணினாரா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் நீ எதுக்கு எண்ற? நீளமா கீதுன்னுதான சொன்னாரு? எங்க நீளமா தெரிஞ்சிதுன்னு பாரு."

வினோத் ஆடியது அவர் முகத்தோடு கேமராவில் பதிவாகியிருந்தது. போட்டுப் பார்த்தேன். ஆட்டோ வராமல் அவருடைய கை சும்மா இருந்த இடங்கள் அங்கங்கே இருந்தன. அந்த இடங்களில் மட்டும் அவர் கண் திரையை விட்டு மேலே போய் மின்விசிறியைப் பார்த்தது. லாரிகளை அத்தனையும் பழையபடி வைத்தேன். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. கை சும்மா இருந்த இடங்களில் ஒரு தண்ணி லாரி, எதிர்ப்பக்கமாக வரும் ஒரு பைக், கண்ணாடியைத் தட்டிச் சுண்டல் விற்கும் ஒருவர் என்று நிரப்பினேன். காக்கையை நானே என் கையால் எடுத்துவிட்டேன். அது மட்டும் வலித்தது.

"பாதியாக்கிட்டோம்னு எழுதலாமா மேடம்?"

"பொய் எதுக்கு? நீங்க சொன்னாப்ல சரி பண்ணிட்டோம்னு எழுது."

அனுப்பினோம். பதில் வரும்வரை ரஃபி பெண் வீட்டுப் போனை எடுக்கவேயில்லை. வினோத்தின் பதில் வந்ததும் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் உரக்கப் படித்தார்.

"இப்பத்தானுங்க கச்சிதம். பாதியாக் கொறச்சது நல்லாத் தெரியுதுங்க. கையெழுத்துப் போட்டாச்சுங்க. ஆனா பாருங்க, இப்ப சட்டுனு முடிஞ்சு போயிருதுங்க. முடிஞ்சா இன்னும் கொஞ்சம் நீட்டிக் குடுங்களேன்."

ரஃபி அங்கேயே போனை எடுத்துப் பெண் வீட்டுக்கு அடித்துக்கொண்டு வெளியே ஓடினான். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் கஷ்டந்தான், உங்களுக்காக முயற்சி பண்றோம்னு பதில் போடு. அடுத்த வாரம் இதையே திருப்பி அனுப்பு."